வேலி என்று எழுதப்பட்ட தடுப்பணை

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த வருடங்களில், கல்வராயன் மலையடிவாரக் கிராமங்களுக்குச் சிறு நிதி வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஓடைக்குத் தடுப்பணை, கரைக்கு மரக்கன்று என்று விண்ணப்பம் எழுதுவேன். டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையம் போய் இறங்கி, ஓடையோரமாக நடக்கும்போது வரும் ஈரமண் வாசனைக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன். வாங்கிய சம்பளத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு ஊரில் நிதி கேட்ட குழுவின் தலைவி, கூலி வேலைக்குப் போகிற பெண். ஓடையை ஒட்டி அவருக்கு ஒரே ஒரு துண்டு நிலம். ஒவ்வொரு மழைக்கும் ஓடை அதைக் கொஞ்சம் அரித்துக்கொண்டு போனது. இன்னும் ஒரு பெருமழை பெய்தால் நிலம் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. நிலத்துக்கு மேற்புறமாக ஓடையில் தடுப்பணை கட்டத்தான் நிதி கேட்டோம், கிடைத்தது. ‘சிமெண்ட் கட்டுமானம்’ என்று விண்ணப்பத்தில் எழுதிய புத்திசாலி நான்தான்.

சிமெண்ட் வரவேண்டிய வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மறியல் ஓய்ந்தும் லாரி வரவில்லை. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது.

“பொறுங்கம்மா, சிமெண்ட் வந்துடும்” என்றேன்.

“மழ பொறுக்குமாங்க? ரோட்டோரம் மரம் கெடக்குதே, அத்த இழுத்தாந்து போட்டா இன்னா?”

“அது அரசாங்க மரம். விண்ணப்பத்துலயும் சிமெண்ட்னு இருக்கு.”

“அப்ப அந்தக் காகிதத்தக் கொண்டாந்து ஓடைய அடைங்க.”

கோபம் வந்தது. ரோடுவரை போய் லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அவருக்குத் தெரிந்தது வேலி கட்டுவது. நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும் கிளுவைக் கொம்புகளை ஓடைக்குக் குறுக்கே இரண்டு வரிசையாக அடித்து, நடுவே புளியங்கிளைகளைத் திணித்து, மேலே கல்லை ஏற்றச் சொன்னார். மறியலுக்கு மரத்தை வெட்டிய இளைஞர்களே இழுத்தும் வந்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு கல் சுமந்தேன். வேலை முடிந்த இரண்டாம் நாள் மழை கொட்டியது. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம், நிலம் அப்படியே இருந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சில மாதம் கழித்து, நிதி கொடுத்த அலுவலகத்து அதிகாரி பார்வையிட வந்தார். அதற்குள் அணையின் மேல்வரை வண்டல் மண் நிரம்பி, கிளுவை மட்டும் துளிர்த்து வெளியே நின்றது.

“அணை எங்கம்மா?”

“நீங்க நின்னுக்கினு இருக்கிறதே அதும்மேலதாங்க சார்.”

“இது வேலிம்மா” என்றவர், ‘வேலி மட்டுமே உள்ளது, பணி நடைபெறவில்லை’ என்று எழுதிக் காகிதத்தை என்னிடம் நீட்டினார். அடுத்த ஊரின் விண்ணப்பம் அவர் அலுவலக மேசையில் இருந்தது, அவரைப் பகைத்துக்கொள்ள முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜீப் போனதும் தலைவி கேட்டார், “இன்னா எழுதினாருங்க?”

“நல்லா இருக்குன்னு எழுதியிருக்காரும்மா.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்ப மேலோடைக்கும் பணம் குடுப்பாங்க” என்று மறுநாளே ஆட்களைக் கூட்டிப்போய்க் கொம்பு அடிக்கத் தொடங்கிவிட்டார். பணம் வராது என்பதைச் சொல்லாமல் நானும் கல் சுமக்கப் போனேன்.