டெமோவுக்குக் கொடுத்த மயில்

இன்று காலை எங்கள் பட்டுக்கடைக்கு கிளவுட் ஸ்டோரேஜ் விற்க ஒருவர் வந்தார். கடையின் சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைவது நான்தான். உள்ளே நுழைந்ததிலிருந்தே அவர் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு ஃபோல்டர் குடுங்க சார், ஸ்பீடு மட்டும் பாருங்க" என்றார்.

முதலாளி தலையாட்டினார். தீபாவளிக்காக வரைந்த மயில் பார்டரை ஏற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது.

"வேற யாருப்பா இதுல வெச்சிக்கினு இருக்காங்க?" என்று கேட்டார் முதலாளி.

வந்தவர் பெருமையாக இன்னொரு ஃபோல்டரைத் திறந்தார். பக்கத்துத் தெருக் கடையின் யாளி பார்டர்! அதுவும் தீபாவளிக்கு வைத்திருப்பது. இன்னும் தறிக்கே போகவில்லையாம்.

முதலாளி முகம் மாறியது. சேலை நெய்து முடிந்ததும் டிசைன் அட்டைகளை நெசவாளர் வீட்டிலிருந்து எண்ணி வாங்கி, பீரோவில் பூட்டுகிற மனிதர் அவர்.

"எங்களுத திருப்பிக் குடுத்துடுப்பா."

"அழிச்சிட்டேன் சார்."

"மொத்தமாவா?"

"கவலையே படாதீங்க சார். இங்க அழிஞ்சாலும் மூணு ஊர்ல காப்பி இருக்கும். அதான் எங்க ஸ்பெஷல்!"

அவரை அனுப்பிவிட்டு முதலாளி என் பக்கம் குனிந்தார். "அந்த யாளிய நல்லா பாத்துக்கினியா?"



இப்போது அந்த ஆள் எதிர்க்கடையில் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அங்கே சேலை எடுக்கப் போன யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். திரையில் நிற்பது எங்கள் மயில்தானே?