தீக்குச்சி வைத்துப் பார்த்த ஷூ

ஆரணியில் ஷூ வாங்கப் போனால் முதலில் காலடியில் ஒரு சாக்கை விரிப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஏறி இறங்கிய நான்கு கடைகளிலும் இதுதான் வழக்கம். புது ஷூவின் அடிப்பாகம் தரையில் படக் கூடாது. பட்டால் அழுக்காகும், அழுக்கானதை அடுத்த ஆள் வாங்கமாட்டான். ஆகவே இரண்டடி அகலச் சாக்கின் மேல் நின்று, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி திரும்பி, சரியாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். நான் தேடியது ஈரப் பாறையில் வழுக்காத ஷூ. சாக்கின் மேல் எந்த ஷூவும் வழுக்காது.

தேடியதற்குக் காரணம் என் இடது முழங்கால். அப்போது ஒரு நாளிதழுக்கு ஆரணி நிருபராக இருந்தேன். மிஷன் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த நண்பரும் நானும் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மலை ஏறுவோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கோயில் ஆராதனை உண்டு. சந்தவாசல் வரை பஸ், அங்கிருந்து படவேட்டுக்கு இன்னொன்று, பிறகு ஜவ்வாது மலைச் சரிவில் விறகு சுமப்பவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை. கலெக்டர் கூட்டத்துக்குப் போடும் அதே கறுப்பு ஷூவைத்தான் மலைக்கும் போட்டுக்கொண்டு போனேன். ஒருநாள் மழை விட்ட பிறகு ஓடையைக் கடக்கும்போது கால் பறந்தது. முழங்காலில் சவ்வு கிழிந்து, இரண்டு மாதம் கட்டோடு கிடந்தேன்.

கட்டுப் பிரித்த அன்று என் மனைவி தன் முடிவைச் சொன்னாள். களம்பூரில் கணக்கு ஆசிரியை. தீர்ப்பை நீட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"இன்னொரு வாட்டி விழுந்துட்டு வந்தீங்கன்னா அதோட மலை கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

"நல்ல ஷூ வாங்கிக்கறேன்."

"வாங்குங்க. ஆனா விழக் கூடாது."

நியாயமான நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். வாரம் முழுக்கத் தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கூட்டுறவுச் சங்கம் என்று அடுத்தவர் சண்டைக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு, யாரும் எதையும் மறுத்து அறிக்கை விடாத இடம் அந்த மலை ஒன்றுதான். அதை இழக்க நான் தயாராக இல்லை.

ஆரணிக் கடைகளில் இருந்தவை இவை: பள்ளிப் பிள்ளைகளின் கறுப்பு ஷூ, விளையாட்டு விழாவுக்கான வெள்ளைக் கேன்வாஸ், போலீஸ்காரர்களின் பழுப்பு ஷூ, பக்கவாட்டில் மின்னல் ஒட்டிய ஏதோ ஒன்று. மலை ஏற வேண்டும் என்றால் கடைக்காரர்கள் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "மலைக்கு எதுக்கு சார் ஷூ? செருப்பக் கழட்டிட்டுத்தானே ஏறணும்?" அவர்களுக்குத் தெரிந்த மலையெல்லாம் உச்சியில் சாமி உள்ள மலை.

நான்காவது கடையில்தான் விஷயம் இருந்தது. ஆம்பூரில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகச் செய்து, சின்னக் குறையால் கழித்துவிட்ட ஜோடிகள் அந்தக் கடைக்கு எப்போதாவது ஒரு மூட்டை வரும். உலகத்துக்கே ஷூ தைக்கும் ஊர்களிலிருந்து இரண்டு, மூன்று மணி நேரத் தொலைவில் இருந்துகொண்டு, கழித்துப்போட்டதற்காகக் காத்திருந்தோம். அந்த மூட்டையில் என் அளவில், எட்டாம் நம்பரில், இரண்டு ஜோடி இருந்தன. ஒன்று சாம்பல் நிறம். காட்டுப் பாதையில் ஓடுகிறவர்களுக்காகச் செய்ததாம். மேலே முழுக்க நைலான் வலை, அடியில் டிராக்டர் சக்கரம் மாதிரி பல். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. இன்னொன்று பழுப்புத் தோல். கனம், பளபளப்பு, கணுக்காலுக்கு மேலே வரை உயரம். அடிப்பாகத்தில் லேசான வரிகள்.

இரண்டையும் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் மாமாவோடு வந்தேன். அம்மாவின் தம்பி; பட்டு வியாபாரி. எங்கள் வீட்டில் விலையுள்ள எந்தப் பொருளும் மாமாவின் கட்டைவிரலைத் தாண்டித்தான் உள்ளே வரும். இது எங்கள் குடும்பத்தின் குணம் மட்டும் அல்ல. பட்டில் பிழைக்கும் தெருவில் யாரும் ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து வாங்குவதில்லை. விரலிடையில் தேய்ப்பார்கள், உள்ளங்கையில் கனம் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் ஒரு இழை பிரித்து நெருப்பு வைப்பார்கள். அசல் பட்டு மயிர் பொசுங்கும் வாசனையோடு எரிந்து, சாம்பல் தூளாக உதிரும். போலி இழை உருகி மணியாகும்.

ஓவிய ஆசிரியரும் கூட வந்திருந்தார். மாமா சாம்பல் நிற ஷூவைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடா இது, உள்ள ஒண்ணுமே இல்ல போலக்கீது."

"எடை இல்லாம இருந்தா ஏறச் சுலபம் மாமா."

"எடை இல்லாம எதுடா ஒழைக்கும்?"

சொல்லிக்கொண்டே உட்புறத் தையலிலிருந்து ஒரு நூலை இழுத்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி வந்தது. கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஐயோ, இன்னாங்க இது, கடைக்குள்ள நெருப்பு வெக்கறீங்க!"

"நூலுக்குத்தான்பா வெக்கறேன். ஒன் கடைக்கா வெச்சேன்?"

நூல் சுருண்டு, உருகி, கறுப்பு மணியானது. மாமா அதை விரலால் உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். "பாத்துக்க. பிளாஸ்டிக்கு." பிறகு பழுப்பு ஷூவின் உள்விளிம்பில் பிசிறாக நின்ற தோலைக் கிள்ளி, அதற்கும் தீக்குச்சி காட்டினார். மயிர் பொசுங்கிய வாசனை. அவர் முகம் மலர்ந்தது. "அசல். கண்ண மூடிகினு எடு."

மற்றவர் சொல்வதைச் சரிபார்க்காமல் எழுதாதவன் என்று எனக்கு என்னைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது. அன்று நானும் தோலை மோந்து பார்த்தேன், நானும் கையில் நிறுத்துக் கனம் பார்த்தேன், நானும் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் தடவி, வழவழவென்று இருப்பதைத் தரம் என்று எடுத்துக்கொண்டேன். ஈரப் பாறைக்கு ஷூ தேடி வந்தவன் அடிப்பாகம் வழவழப்பாக இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

"அப்ப இத நான் எடுத்துக்கட்டுமா அண்ணா?" என்று ஆசிரியர் சாம்பல் நிற ஜோடியைக் கேட்டார். அவருக்கும் எட்டாம் நம்பர்தான். மாமா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஐப்பசி மழையில் முதல் பயணம். முதல் ஓடையிலேயே தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. ஏற்றத்தில் ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல எடுத்து வைத்தேன். உச்சிக்குச் சற்று முன்னால் வலது ஷூவின் முனை வாயைத் திறந்தது. ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், அடிப்பாகம் நடக்கும்போதெல்லாம் தட் தட் என்று அடித்தது. துண்டைக் கிழித்துக் கட்டினேன். இறங்கும்போது ஒரு சாய்ந்த பாறைத் தளத்தைக் கடக்க வேண்டும். மேலே மெல்லிய நீர்ப்படலம் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் கைகளைக்கூட விரிக்காமல் நேராக நடந்து போய், பாதியில் திரும்பி நின்றார்.

"கையக் குடுங்க அண்ணா."

"வேணாம். நீங்க போங்க."

அந்த முப்பதடியை நான் உட்கார்ந்தபடியே கடந்தேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள். "விழுந்தீங்களா?"

"இல்ல."

பேண்ட்டின் பின்புறம் கிழிந்திருந்ததை அவள் அதற்குள் பார்த்துவிட்டாள். "அப்ப இது?"

"ஒரு எடத்துல உட்கார்ந்து வந்தேன்."

"உட்கார்ந்து வர்றதுக்கு எதுக்குங்க ஷூ?" என்றாள். விழவில்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டாள். சரியான ஷூ கையில் வரும்வரை மழைக்காலத்தில் மலைக்குப் போகக் கூடாது என்று நிபந்தனையில் ஒரு பிரிவு சேர்ந்தது. மாமா ஷூவை வாங்கிப் பார்த்து, தோல் நல்ல தோல்தான், பசைதான் துரோகம் பண்ணிவிட்டது என்றார். இன்றுவரை அதுதான் அவர் கருத்து.

அடுத்த சில வருடங்களை அந்தச் சாம்பல் நிற ஜோடியின் இரட்டையைத் தேடுவதில் கழித்தேன். நான்காவது கடைக்காரர் கையை விரித்தார். கழித்த சரக்கு ஒரு முறை வந்தது மறுமுறை வராது. "அன்னிக்கே எடுத்திருக்கலாம் சார். நீங்கதான் நெருப்பு வெச்சிப் பாத்தீங்க." ஆம்பூருக்கே போனேன். அங்கே குவியலில் அதே மாதிரி பல் வைத்த ஜோடி ஒன்று கிடைத்தது. இடது கால் எட்டு, வலது கால் பத்து. இரண்டு மணி நேரம் குனிந்து தேடியும் அந்த எட்டுக்கு இணை கிடைக்கவில்லை. சென்னையில் கண்ணாடி முகப்பு வைத்த ஷூ கடை ஒன்றில் கேட்டபோது, விற்பனையாளர் தார் ரோட்டில் ஓடுகிற ஷூவைக் கொடுத்து, "ஸ்போர்ட்ஸ் ஷூ எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். பஞ்சுபோல மெத்தென்று இருந்தது. கோடையில் மூன்று தடவை மலை ஏறியதில், அடியில் இருந்த ரப்பர் துண்டுகளைச் சரளைக்கல் ஒவ்வொன்றாகப் பிய்த்துவிட்டது.

இதற்கிடையில் ஆசிரியர் அதே சாம்பல் நிற ஷூவில் நான்காவது மழைக்காலத்தைத் தனியாக ஏறி முடித்திருந்தார். நாடாவை மட்டும் இரண்டு முறை மாற்றினாராம். ஒரு கோடைப் பயணத்தில், சந்தவாசல் டீக்கடையில் அதைக் கழற்றச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். பற்கள் பாதி தேய்ந்திருந்தும் ஒன்றுகூடப் பிய்ந்திருக்கவில்லை. நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் அமுங்கித் திரும்பியது. கல்லைப் பிடித்தது அந்த இளக்கம்தான். விரல் பக்கம் ரப்பர் மேலே ஏறி, பசையை மட்டும் நம்பாமல் தைக்கப்பட்டிருந்தது. வலை தண்ணீரை உள்ளே விட்டு உடனே வெளியேயும் விட்டது. தைத்திருந்த நூல், மாமா உருட்டிக் காட்டிய அதே நைலான்; நான்கு வருட ஈரத்தில் ஒரு இழை அறவில்லை.

"இன்னா அண்ணா, எஃப்.ஐ.ஆர். படிக்கிற மாதிரி படிக்கிறீங்க?" என்றார் ஆசிரியர்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலூரில் ஒரு கடையில் அந்த வகை ஷூவைக் கண்டேன். எட்டாம் நம்பர் இருந்தது. கடைக்காரர் வழக்கம்போலச் சாக்கை விரித்தார். நான் அதை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் இருந்த கருங்கல் படியில் தண்ணீர் ஊற்றி நடந்து பார்க்க வேண்டும் என்றேன்.

"நனைச்சா வேற யாரு சார் வாங்குவாங்க?"

"வழுக்கலைன்னா நானே வாங்கிக்கறேன்."

"வழுக்கிச்சின்னா?"

"அப்ப யாருமே வாங்கக் கூடாது."

அவர் தடுப்பதற்குள் சொம்புத் தண்ணீரைப் படியில் கொட்டி ஏறிவிட்டேன். மூன்று படி. கால் பசை போட்டதுபோல நின்றது. அந்த ஐப்பசியில் மனைவியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மலைக்குப் போனேன். ஓடையை நடந்தே கடந்தேன். சாய்ந்த பாறையில் நடுவில் நின்று தண்ணீர்கூடக் குடித்தேன். மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். இத்தனை எளிதான ஒன்றுக்கா இத்தனை வருடம் என்ற கோபம்தான் முதலில் வந்தது.

இறக்கம் இரண்டு மணி நேரம். முதல் அரை மணியிலேயே பெருவிரல்கள் முனையில் இடிக்க ஆரம்பித்தன.

வீட்டுக்கு வந்ததும், விழவில்லை, ஓர் இடத்தில்கூட வழுக்கவில்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். மனைவி முழங்காலைப் பார்த்தாள். பிறகு சாக்ஸைக் கழற்றச் சொன்னாள். இரண்டு பெருவிரல் நகங்களும் நாவல்பழ நிறத்தில் இருந்தன.

"கடையில போட்டுப் பாத்துத்தானே வாங்கினீங்க?"

"படியில ஏறியே பாத்தேன்."

"எறங்கிப் பாத்தீங்களா?"

இறங்கும் காலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்க வேண்டும் என்று அந்த நகங்கள்தான் எனக்குச் சொல்லின.

"ஒம்பது வாங்கிகினு வாங்க. மலைக்குப் போவ வேணாம்னு நான் சொல்லலை," என்றாள்.

திங்கட்கிழமை வேலூருக்குப் போனேன். ஒன்பதாம் நம்பர் இல்லை, பத்து இருந்தது. கடைக்காரர் என் நகத்தை அனுதாபத்தோடு பார்த்து, சாக்ஸ் இல்லாமல் போட்டால் எட்டே போதும் என்று யோசனை சொன்னார். நகம் முழுசாக வளர ஆறு மாதமாவது ஆகும் என்றார் மருந்துக்கடைக்காரர். மூன்றாம் மாதமே விரலுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டு, எட்டாம் நம்பரிலேயே ஏறினேன். இறக்கத்தில் மட்டும், ஆசிரியர் பார்க்காதபோது, பக்கவாட்டில் நடந்தேன்.