சித்தி சொன்ன ஓமம்

எங்கள் வீட்டில் யாராவது ஓமம் என்று சொன்னால், சொன்னது யார் என்று பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். அப்பா நயினாதீவில் கோயில் ஐயர். அவர் சொன்னால் அக்கினி வளர்த்து நெய் வார்க்கிற ஓமம். அம்மா சொன்னால் குசினியில் அடுப்புக்கு மேல் தட்டில் தகரப் பேணிக்குள் கிடக்கிற ஓமம். சீரகத்துக்குத் தங்கச்சி போலச் சின்னதாக இருக்கும், கடித்தால் நாக்கைச் சுள்ளென்று பிடிக்கும். முறுக்கு மாவுக்குள் அதுதான் விழும். வயிற்றுக்குத்து என்று நான் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் பண்ணும் நாட்களில், கொதித்த தண்ணீராக என் வாய்க்குள்ளும் விழும். அதைக் குடிப்பதைவிடப் பள்ளிக்கூடம் போவது மேல். இது போதாதென்று, ஊர் முழுவதும் ஆமாம் என்பதற்கும் ‘ஓம்’ என்றுதான் தலையாட்டும்.

அந்த ஓம் வாயில் வராத ஒரே ஆள் என் சித்தி. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். வந்த சம்பந்தம் ஒவ்வொன்றுக்கும் ஏலாது என்றாள். ஒருவர் கதைக்கும்போது கண்ணை மூடுகிறாராம். இன்னொருவர் எங்கள் கன்றுக்குட்டியைக் கண்டு ஒதுங்கி நின்றாராம். அப்பாவோ, அவள் தன் வாயால் ஓம் என்று சொல்லாமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். தீவுகளில் ஐயர் குடும்பங்கள் எத்தனை இருக்கும்? மாப்பிள்ளைகள் முடிந்துகொண்டு வந்தார்கள். இதுவும் சரிவராவிட்டால் இனித் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று தரகரும் சொல்லிவிட்டார்.

இது என்றது சரவணையிலிருந்து வந்த வாத்தியார் மாப்பிள்ளை. தாய் தகப்பனோடு கடல் கடந்து வந்து இறங்கினார். அன்று காற்று பலம். வள்ளம் நன்றாகவே ஆட்டியிருக்க வேண்டும். வந்தவரை அம்மா விடவில்லை. வடை, பயற்றம் பணியாரம், அதன்மேல் பாயாசம். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர், வைத்ததையெல்லாம் தின்றார். பிறகு கதிரை நுனியில் குனிந்தபடி வியர்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெட்கம் உள்ள பிள்ளை என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

சித்தி குசினியை விட்டு வரவில்லை. முகத்தை நிமிர்ந்தும் பார்க்கமாட்டேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். கடைசி வள்ளத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. முடிவு தெரியாமல் போவதற்கு மாப்பிள்ளையின் தாய்க்கு மனமில்லை. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“சித்தியிட்டப் போய், என்ன சொல்லுறா எண்டு கேட்டுக்கொண்டு ஓடி வா.”

எனக்கு ஏழு வயது. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற கர்வம் எனக்கு இருந்தது. ஓடினேன். சித்தி கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கேட்டதைச் சொன்னேன். அவள் திரும்பவேயில்லை. “ஓமம்” என்றாள். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள், நான் நிற்கவில்லை.

விறாந்தைக்கு வந்து, “ஓமமாம்” என்றேன்.

அப்பாவின் காதில் அது ‘ஓமாம்’ என்று விழுந்தது. ஓம் என்று சொல்கிறாளாம்! எழும்பி நின்று, கோயிலில் கேட்கும் அதே குரலில், ஓமாம் ஓமாம் என்று எல்லோருக்கும் அறிவித்தார். அம்மா கண்ணைத் துடைத்தாள். மாப்பிள்ளையின் தாய் கற்கண்டை எடுத்து என் வாயில் திணித்தார்.

எனக்கு இனிப்பு பிடித்திருந்தது, ஆனால் நான் சொன்ன ஓமம் ஓமாக மாறியது பிடிக்கவில்லை. மறுபடியும் குசினிக்குப் போனால், சித்தி அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, தட்டில் பேணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் ஓமப் பேணி எங்கே என்று கேட்டு வரத்தானே சொன்னேன், அந்த மனுசனுக்கு வயிறு சரியில்லைப் போல, என்று சீறினாள். நேரே திரும்பி வந்து, கற்கண்டை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சபை நடுவில் நின்று சொன்னேன்.

“சித்தி ஓம் எண்டு சொல்லேல்லை. ஓமம் எண்டுதான் சொன்னவ. அவருக்கு வயித்துக்குள்ள சரியில்லையாம்.”

அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். அவரை அப்படி நான் கண்டதேயில்லை. அழவேண்டும்போல எனக்கு வந்தது. மாப்பிள்ளை மட்டும், தன் வயிற்றிலிருந்து கையை அவசரமாக எடுத்தார்.

அப்போது சித்தி வந்தாள். கையில் தண்ணீர் குடிக்கிற மூக்குப்பேணி, அதிலிருந்து ஆவி பறந்தது. ஓம வாசனை விறாந்தை முழுவதும் பரவியது. பேணியை மாப்பிள்ளைக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பியவளை அவர் தாய் மறித்தார்.

“பிள்ளை, நீர் சொன்னது ஓமோ, ஓமமோ?”

சித்தி நிலத்தைப் பார்த்தாள்.

“ரெண்டும்தான், மாமி.”

மாமி என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். பிறகு வீடே சிரித்தது. மாப்பிள்ளை ஓமத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நான் அறிந்தவரையில், அதை முகம் சுளிக்காமல் குடித்த ஒரே மனிதர் அவர்தான்.

வள்ளம் போன பிறகும் என் கோபம் ஆறவில்லை. பக்கத்தில் நின்று கேட்டவள் நான். சித்தி சொன்னது ஒன்றுதான், இரண்டு என்று பொய் சொல்கிறாள் என்று அப்பாவிடம் முறையிட்டேன். அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். அத்தனை பேர் இருந்த விறாந்தையில் ஒருவர் கண்ணிலும் படாத வயிற்றுவலி, நிமிர்ந்தும் பார்க்கமாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.