கால் உள்ள பேய்

கதை படித்தெல்லாம் யாரும் பயந்தாங்கொள்ளி ஆகிவிட மாட்டார்கள் என்று பத்து வருடமாக வாய் கிழியப் பேசியவள் நான். பேய்க்கதை எழுதிப் பிழைக்கிறவள் வேறென்ன பேசுவாள்?

தொப்பூர் கணவாயில் கை காட்டி லாரியை நிறுத்தும் பெண்ணைப் பற்றி ஒன்று எழுதினேன். நிறுத்துகிறவன் இறக்கம் தாண்ட மாட்டான். பேய்க்குக் கால் கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. புதுமையாக இருக்கட்டுமென்று என் பேய்க்குக் காலும் கொடுத்து, ரப்பர் செருப்பும் மாட்டிவிட்டேன். அது ஒலிக்கதையாக வந்தது. லாரிக்காரர்கள் போனில் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தபோது, அடேயப்பா, எனக்கு என்ன பெருமை!

போன ஆடியில், பொழுது சாயும் நேரம், அதே இறக்கத்தில் எங்கள் ஸ்கூட்டர் சறுக்கியது. என் வீட்டுக்காரர் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்து கிடந்தார். ரத்தம் நிற்கவில்லை. எங்கள் இருவர் போனும் நொறுங்கிவிட்டன. ரத்தம் தோய்ந்த புடவையோடு ரோட்டோரம் நின்று கை காட்டினேன்.

லாரிகள் என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போயின. ஒன்றிலிருந்து எலுமிச்சம்பழம் வந்து என் தோளில் பட்டது. அந்த இறக்கத்தில் காத்துக்கருப்புக்கென்று பழம் வீசிவிட்டுப் போவது அவர்கள் வழக்கம்தான். ஆள்மேல் வீசி அன்றுதான் பார்த்தேன்.

"யாராச்சும் நின்னாங்களா?" என்றார் பள்ளத்திலிருந்து.

"வர்றாங்க, வர்றாங்க" என்று பொய் சொன்னேன்.

கடைசியில் ஒரு லாரி நின்றது. கண்ணாடி இரண்டு விரலளவு இறங்கியது.

"யாருங்க நீங்க?"

"வண்டி சறுக்கிடுச்சுங்க. எங்கூட்டுக்காரரு பள்ளத்துல கெடக்கறாருங்க." டிரைவர் என்னையே பார்த்தார். புடவையைத் தூக்கிப் பிடித்தேன். "கால் இருக்குதுங்க, பாருங்க!"

"கதையில அவளுக்கும் கால் இருக்குதுங்களே. செருப்புங்கூட இதேதான்."

செருப்பைக் கழற்றி எறிந்தேன். அதற்குள் பள்ளத்தில் இவர் வலி தாளாமல் அலறினார். அதைக் கேட்டுத்தான் டிரைவர் இறங்கினார், கையில் இரும்புக் கம்பியோடு. நான் சட்டென்று தாலிச்சரட்டை ஜாக்கெட்டுக்குள் திணித்தேன். நான் எழுதிய லாரிக்காரர்கள் அப்படிப்பட்டவர்கள்.

அவரோ கம்பியைக் கீழே போட்டுவிட்டு இவரைத் தோளில் தூக்கி வந்து வண்டியில் படுக்கவைத்தார். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் என் காலைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"போன மாசம் இதே எடத்துல ஒரு பொம்பள கை காட்டுச்சுங்க. கைக்கொழந்த வேற. அந்தக் கதைய நெனச்சுட்டு நான் நிறுத்தல. என்னாச்சோ தெரியல, தூக்கம் வரமாட்டேங்குது. எழுதுனது யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"தெரியாதுங்க" என்றேன்.