தட்டிவிட்ட பால்

ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது. சர்க்கரையைத் தொடவே கூடாது. டாக்டர் சொன்ன இந்த இரண்டையும் வீரம்மாள் வேதவாக்காகக் காத்தாள். ஊசி போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று மூன்றாவதாகவும் ஒன்று சொல்லியிருந்தார். தினமும்தான் சாப்பிடுகிறோமே, அதில் என்ன இருக்கிறது என்று அது மனசில் நிற்கவில்லை.

அவள் கணவர் தங்கையனுக்குத்தான் சர்க்கரை வியாதி. அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். கொதிகலனைத் தட்டிப் பார்த்தே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவார். இன்சுலின் குப்பியைக் குளிர்ச்சிக்காக ஈரமணல் சட்டியில் புதைத்து வைத்து, கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, காலையில் அவருக்கு வீரம்மாளேதான் போடுவாள்.

"ஒர்க்‌ஷாப்புல என்னைக் கண்டு நடுங்குறானுங்க. வீட்டுல உன் ஊசிக்கு நான் நடுங்குறேன், புள்ள" என்பார்.

ஒரே வருஷத்தில் உடம்பு தேறியது. அதற்கு நேர்ந்துகொண்டதுதான் ஐம்பத்தெட்டாம் வருஷத்து வைகுண்ட ஏகாதசி உபவாசம்.

"இன்னிக்கு ஊசி வேணுமா?" என்று காலையில் கேட்டார் தங்கையன்.

"அதை விடலாமா?" என்று வழக்கமான அளவைப் போட்டாள். வெறும் வயிற்றோடு இருவரும் ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

பத்து மணிக்கு வரிசையில் நிற்கையில், அந்த மார்கழிக் குளிரிலும் தங்கையனுக்குச் சட்டை நனைய வேர்த்தது. கை நடுங்கியது. திடீரென்று முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"வால்வை மூடுடா! ஆவி போகுது!"

சிரிப்பு கிளம்பியது. "பெருமாளைப் பாக்கவே இவரு தண்ணி போட்டுட்டு வந்துட்டாரு!" என்றது ஒரு குரல். மதுவிலக்குக் காலம். வீரம்மாளுக்கு உடம்பே கூசியது.

"அய்யோ, அவரு தொடமாட்டாருங்க. விரதம்ங்க."

விரதக்காரர்களுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி ஓடி வந்தான். "பசி மயக்கம்தான்க்கா. சக்கரை போட்ட பாலு, குடிக்கச் சொல்லுங்க."

தங்கையன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தார். வாய்க்குப் போகுமுன் வீரம்மாள் தட்டிவிட்டாள்.

"சக்கரை வியாதிங்க அவருக்கு! கொல்லப் பாக்குறீங்களா?"

விரலில் வழிந்ததை அவர் நக்கப் பார்த்தார். அதையும் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கால் மடங்கி விழுந்தார். குடிகாரன் என்று ஓரமாகக் கிடத்தினார்கள்; வீரம்மாள் சொன்னது எடுபடவில்லை. தெளியட்டும் என்று காவல்காரரும் விட்டுவிட்டார். கையும் காலும் வெட்டி இழுத்த பிறகுதான் வண்டி பிடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று.

நான்காம் நாள் கண் திறந்தார்.

"மூளைக்குச் சாப்பாடே ரத்தத்துல இருக்கிற சர்க்கரைதாம்மா" என்றார் டாக்டர். "ஊசி அதை இறக்கிடுச்சு. வயித்துல ஒண்ணும் இல்லை. அத்தனை நேரம் பட்டினி கிடந்ததுல மூளையில கொஞ்சம் போயிடுச்சு."

"அந்தப் பாலைக் குடிச்சிருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க தெரிஞ்சா செஞ்சீங்க?"

உடம்பு மட்டும் வீடு திரும்பியது. சட்டைக்குப் பித்தான் போட வரவில்லை. பார்க்க வந்த கூட்டாளி கையில் வைத்த ஸ்பேனரை, பண்டமோ என்று முகர்ந்து பார்த்தார். ஊசியை நிறுத்த முடியாது, வீரம்மாளே போட்டாள். இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் குப்பியைத் தொட்டாள்.

ஒருநாள் அவர் ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தினம் காலையில வந்து செய்யிறீங்க. உங்க வீட்டுக்காரர் தேட மாட்டாரா?"

வீரம்மாள் இட்லியை விண்டாள்.

"அவரு வெளியூர் போயிருக்காருங்க. நீங்க சாப்பிடுங்க."