செவலை உட்கார்ந்த நாள்

ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் மலையடிவாரத்துத் தனியார் நாய்க் காப்பகத்தில் சோலைமுத்துவுக்கு இரண்டு வேலை: கூண்டு கழுவுவது, ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொள்வது. முன்பு கட்டட சைட்டில் இருந்தான். அங்கே பாதுகாப்பு வகுப்பில் இங்கிலீஷில் கேட்ட கேள்விக்கு விழித்ததால், மந்தம் என்று முடிவுகட்டி இங்கே தள்ளிவிட்டார்கள். இங்கே ஊசி ஏறியதும் நாயின் உடம்பு அவன் கைக்குள் தளரும். முதல் நாய் செத்த அன்று அவனால் சாப்பிட முடியவில்லை. அடுத்த நாய் செத்த அன்று சாப்பிட்டான்.

காப்பகத்தில் கொலையே கூடாது என்று போராடியவர்கள் நர்ஸ் அகிலாவும் மளிகைக்கடை சாதிக் பாட்ஷாவும் இன்னும் சில குடும்பங்களும். கையெழுத்து வாங்கினார்கள், தீனி மூட்டை சுமந்தார்கள், வீட்டுக்கு வீடு நாய்களைத் தத்துக் கொடுத்தார்கள். கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். இடமில்லை என்பதற்காக இனி எந்த நாயும் சாகாது. ஆனால் குணச் சோதனையில் தோற்றது ஆபத்தான நாய், அதற்கு ஊசிதான். கருணையில் அப்படி ஒரு ஓட்டை வைத்தார்கள். அதன் வழியாக நாய்கள் போய்க்கொண்டே இருந்தன.

சோதனையை நடத்துபவர் வெள்ளைக்கார டாக்டர். உட்கார், நில், வா என்று இங்கிலீஷில் சொல்வார். கேட்காத நாய் அடங்காத நாய். பிடித்திருப்பவன் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொரு நாயும் திரும்பி சோலைமுத்துவைப் பார்க்கும். அவன் சுவரைப் பார்ப்பான்.

அன்று செவலையின் முறை. சோதனையைப் பார்க்க அகிலாவும் சாதிக் பாட்ஷாவும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். சாலையோரத்தில் குட்டியாகக் கிடந்து, அவன் கையில் சோறு தின்று வளர்ந்தது. டாக்டர் இங்கிலீஷில் உட்காரச் சொன்னார். அது நின்றபடியே இருந்தது. மறுபடி சொன்னார். அது திரும்பி அவனைப் பார்த்தது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"உக்காரு," என்றான் சோலைமுத்து. சத்தம்கூடச் சரியாக வரவில்லை.

செவலை உட்கார்ந்தது.

பிடித்தவன் பேசியதால் சோதனை செல்லாது என்றார் டாக்டர். ஓரமாக நின்ற அகிலா குறுக்கே வந்து, அவர் இடத்தில் நின்று தானே தமிழில் சொன்னாள். செவலை எழுந்தது, வந்தது, கையும் கொடுத்தது. அதன் பிறகு டாக்டரால் மறுக்க முடியவில்லை. தேறியது என்று எழுதினார்.

"நம்மூரு ஆளால்ல இருக்கு," என்று செவலையைப் பார்த்துச் சாதிக் பாட்ஷா சிரித்தார். "வாப்பா, கடையில டூட்டி போட்டுத் தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அகிலாவின் சிரிப்புதான் பாதியில் நின்றது.

"அண்ணே, இதுக்கு முன்னாடி ஃபெயிலானதுக?" என்று சோலைமுத்துவிடம் கேட்டாள்.

"அதுகளுந்தான் மேடம், தமிழ்ல சொன்னா கேக்கும். எல்லாம் நான் வளத்ததுக."

"ஏன் சொல்லல?"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னாக. டாக்டருக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

தெரியாத மொழியில் கேட்டுவிட்டு, பதில் வராததைக் குணக்கேடு என்று எழுதுவது அறிவு அல்ல, அதிகாரம். அகிலா இதைத்தான் டாக்டரிடம் சூடாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் ஒத்துக்கொண்டார். இனி சோலைமுத்துவே கட்டளை சொல்லட்டும் என்று முடிவானது. அவனைப் பாராட்டினார்கள். தலையாட்டினான்.

அடுத்த நாயைக் கொண்டுவரப் போனான். கூண்டைத் திறந்தால் தினமும் ஏதாவது பேசிக்கொண்டேதான் கூட்டி வருவான். இன்று நாக்கு எழவில்லை. திறந்த கதவுக்குள், அவன் சொல்லட்டும் என்று அது காத்து நின்றது.