அனுமந்தையில் ஆணியில்லாத மரத்தில் ஒரு மணி நேரம்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்காணம் உப்பளங்களைப் படமெடுக்கக் கிளம்பினேன். அந்தப் பக்கத்துக் கைவினைப் பொருள் ஏதாவது கிடைத்தால் வாங்கலாம் என்றும் ஆசை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரில் அனுமந்தை. காலை 5.40-க்கு அங்கே டீ குடிக்க நிறுத்தினேன். பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தாராளம்.

"கையால செஞ்ச பொருளா? அதுக்குக் கடை எதுவும் இல்லீங்க" என்றார் டீக்கடைக்காரர். "கடக்கரைக்குப் போங்க. ஏழுமலை இப்பதான் மரம் கட்டிக்கிட்டு இருப்பாரு."

மரம் என்றால் கட்டுமரம். மணலில் நான்கு கட்டைகளைச் சேர்த்துப் போட்டு, ஐம்பது வயதிருக்கும் ஏழுமலை கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஆணி இல்லை, பசை இல்லை, அளவுநாடா இல்லை. கட்டையில் காலை ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். அவர் மனைவி மல்லிகா முடிச்சை அழுத்திப் பார்த்து, "இந்தப் பக்கம் லூசா இருக்குது" என்றார். அவிழ்த்து மறுபடி கட்டினார் ஏழுமலை.

நான் வாய்பிளந்து நிற்பதைப் பார்த்து, "வர்றீங்களா? நீச்சல் தெரியுமா?" என்றார்.

"கொஞ்சம் தெரியும்."

"கயித்த மட்டும் வுட்டுடாதீங்க."

மரத்தைக் கடலுக்குள் தள்ளி ஏறிக்கொண்டோம். மூன்றாவது அலை என் உயரத்துக்கு எழுந்தது. அடியில் கட்டைகள் தனித்தனியாக நெளிந்தன. இடுக்குகளில் தண்ணீர் பீறிட்டது. பிரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தபோதே கடலுக்குள் இருந்தேன். மூக்கெல்லாம் உப்பு. கை மட்டும் கயிற்றை விடவில்லை. ஏழுமலை என் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டார். மரம் அப்படியே இருந்தது.

"ஆணி அடிச்சிருந்தா எப்பவோ பொளந்திருக்கும்" என்றார், துடுப்பை நிறுத்தாமல். "கயிறு கொஞ்சம் வுட்டுக்குடுக்கும். அப்புறம் புடிச்சிக்கும்."

என் உயிர் அவர் போட்ட முடிச்சுகளில் இருந்தது. கைவேலையின் மதிப்பைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அன்றுதான் அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.

முந்தின நாள் போட்ட வலையை இழுத்து, அரைக்கூடை இறாலோடு 7.30-க்குக் கரையேறினோம். ஏறியதும் ஏழுமலை முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார்.

"நல்லாத்தானே இருக்குது, ஏன் பிரிக்கிறீங்க?" என்று பதறிவிட்டேன்.

மல்லிகா சிரித்தார். "கட்ட காய வேணாமா? ஊறிப்போனா மெதக்காது. நாளைக்குத் திரும்பக் கட்டிக்குவோம்."

தினமும் காலையில் புதிதாகச் செய்கிறார்கள், தினமும் கலைக்கிறார்கள். ஈரச் சட்டையோடு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

போகிறவர்களுக்கு: கேட்டுவிட்டுப் படமெடுங்கள். கடலில் இறங்குவதானால் லைஃப் ஜாக்கெட் கொண்டுபோங்கள், என்னைப் போல அசட்டுத் துணிச்சல் வேண்டாம். உப்பளங்கள் அங்கிருந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அவசரமில்லை. ஆனால் அனுமந்தைக்கு ஆறு மணிக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் போனால், மணலில் நான்கு கட்டைகளும் ஒரு சுருள் கயிறும்தான் கிடக்கும்.